துணை பிரிந்த வீட்டில் விளக்கேற்றுவது

கணவனும் மனைவியுமாக முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் என்ன செய்ய வேண்டும்? அடக்கம் முடிந்து, உற்றார் உறவினர் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிய பின், மறுநாள் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கலாமா? பசித்தால் வயிறாரச் சாப்பிடலாமா? பேரப்பிள்ளை குறும்பு செய்தால் சிரிக்கலாமா? நல்ல துணி உடுத்தித் தாங்கலுக்குப் போகலாமா? இதையெல்லாம் செய்தால் போனவரை மறந்துவிட்டதாக ஊர் சொல்லாதா? ஊர் சொல்லாவிட்டாலும் சொந்த மனம் சொல்லாதா?

கேட்பவருக்கு இவை சின்னக் கேள்விகளாகத் தோன்றும். துணையை இழந்தவருக்கோ இவைதான் பெரிய கேள்விகள். உயிர் எங்கே போகிறது என்ற கேள்விக்குத் திருஏட்டில் பதில் உண்டு. நாளைக் காலை யாருக்காக உலை வைப்பது என்ற கேள்விக்கு அவரவர் அடுக்களையில்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது. ஒருவர் முந்துவதும் ஒருவர் பிந்துவதும் எந்த வீட்டுக்கும் விலக்கில்லை. ஒவ்வொரு தாங்கலிலும் இப்படித் தனித்துப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அன்புக்கொடி மக்கள் இந்தக் கேள்வியை அய்யா காட்டிய வழியில் வைத்துச் சிந்திப்பது நல்லது.

அழுவது நம்பிக்கைக் குறைவா?

துக்க வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர், "அய்யாவை நம்புகிறவர்கள் அழலாமா? தர்மயுகத்தில் பார்க்கத்தானே போகிறீர்கள்" என்று சொல்லித் தேற்றுவார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் கேட்பவர் காதில் அது வேறு விதமாக விழுகிறது. உன் கண்ணீர் உன் நம்பிக்கைக் குறைவைக் காட்டுகிறது என்று சொன்னது போல ஆகிவிடுகிறது. அதன் பிறகு அவர் யார் முன்னாலும் அழமாட்டார். இரவில் தலையணையில் அழுவார். துக்கத்தோடு, துக்கப்படுகிறோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

அய்யாவழி முறைப்படி இறந்தவரை எரிப்பதில்லை. பத்மாசனத்தில், வடக்கு முகமாக அமர்த்தி, மண்ணோ நாமமோ இட்டு மூடி அடக்கம் செய்வது வழக்கம். தர்மயுகத்தை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் நிலை அது. இந்த நம்பிக்கை பெரியது. ஆனால் நம்பிக்கையும் கண்ணீரும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகும் மகனைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வழியனுப்பும் தாய் அழுகிறாள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருவான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அழுகிறாள். மகன் திரும்புவான் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை என்று யாராவது சொல்வார்களா? பிரிவு இன்று நடக்கிறது. சந்திப்பு பின்னால் நடக்கப் போகிறது. நடுவில் உள்ள நாட்களுக்குத்தான் கண்ணீர்.

அகிலத்திரட்டு அம்மானையில் ஏழு கன்னியர் தங்கள் பிள்ளைகளைப் பிரிந்து வனத்தில் தவம் இருந்த வரலாறு வருகிறது. அந்தப் பகுதியை வாசிக்கும்போது பந்தலில் இருக்கும் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பல தாங்கல்களில் காணலாம். பிரிவின் வருத்தம் அந்தக் கன்னியரை அய்யாவிடமிருந்து விலக்கவில்லை. வைகுண்ட அவதாரத்தில் அய்யா அவர்களை மணம் புரிந்து ஏற்றுக்கொண்டதைத்தான் திருக்கல்யாண ஏடாக வாசித்து மகிழ்கிறார்கள். ஆகவே அழுகிறவரிடம் அழாதே என்று சொல்வதை விட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே மேல்.

ஆனால் அந்தக் கன்னியர் வருந்தியதோடு நின்றுவிடவில்லை. அவர்கள் தவம் இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டில் தனித்துப் போனவருக்குத் தவம் என்பது என்ன? வனத்துக்குப் போக வேண்டுமா?

குளிப்பதும் துவைப்பதும் தவம் ஆன வரலாறு

அய்யா தம் மக்களைத் துவையல் தவசுக்கு அனுப்பிய வரலாறு அன்புக்கொடி மக்கள் அனைவரும் அறிந்தது. எழுநூறு குடும்பத்தார் வாகைப்பதிக் கடற்கரையில் ஆணும் பெண்ணுமாகக் கூடித் தவசு இருந்தார்கள். அவர்கள் செய்தது என்ன? நாள் தவறாமல் குளித்தார்கள். உடுத்த துணியைத் துவைத்தார்கள். எளிய உணவைப் பொங்கி ஒன்றாக உண்டார்கள். நேரம் தவறாமல் அய்யாவை நினைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இது எந்த வீட்டிலும் நடக்கும் வேலைதான். அந்த வேலையையே ஒழுங்கோடும் நினைவோடும் செய்தபோது அது தவம் ஆயிற்று.

துணையை இழந்தவருக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. துக்கத்தின் முதல் மாதங்களில் மனதுக்கு வலு இருக்காது. உபதேசம் கேட்டால் ஏறாது. படித்தால் பதியாது. கண்ணை மூடித் தியானம் செய்யச் சொன்னால் கண்ணுக்குள் போனவரின் முகம்தான் வரும். அந்த நேரத்தில் மனதை நேராக்க முயன்று தோற்பதை விட, கைகால்களுக்கு ஒழுங்கு கொடுப்பது எளிது. விடிந்ததும் எழுந்து குளிப்பது. நெற்றியில் நாமம் இட்டுக்கொள்வது. முற்றத்தைப் பெருக்குவது. ஒரு பிடி அரிசியாவது பொங்கிச் சூடாகச் சாப்பிடுவது. சாயங்காலம் விளக்கேற்றுவது. இவ்வளவு போதும். இதற்கு மனம் சம்மதிக்க வேண்டும் என்று காத்திருந்தால் நடக்காது. கை முதலில் போகட்டும், மனம் பின்னால் வரும். சில நாள் வராது. அன்றைக்கும் விளக்கு எரிந்தால் அந்த நாள் வீண் போகவில்லை.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய கைக்கு ஒருவருக்குச் சமைக்கத் தெரியாது. அளவு தப்பும். மிச்சம் விழும். அந்த மிச்சத்தைப் பார்த்தவுடன் அழுகை வரும். ஆகவே பலர் சமைப்பதையே விட்டுவிட்டு, கட்டன் சாயாவும் நாலு பிஸ்கட்டும் தின்று நாளைக் கழிக்கிறார்கள். தனக்காக மட்டும் பொங்குவது பேராசை போலத் தோன்றுகிறது. அப்படி அல்ல. அய்யாவழியில் அன்னதர்மம் என்பது பசித்த உயிருக்குச் சோறிடுவது. பசித்தவர் யார் என்று கேட்டுப் பார்த்து அதில் இடுவதில்லை. தன் உடம்பில் குடியிருப்பதும் பசித்த ஓர் உயிர்தான். அதைப் பட்டினி போடுவது தர்மம் ஆகாது. சாப்பிடாமல் கிடந்து உடம்பை வாட்டுவது போனவருக்குக் காட்டும் அன்பும் ஆகாது. அவர் உயிரோடு இருந்தபோது, "சாப்பிட்டாயா?" என்று எத்தனை முறை கேட்டிருப்பார்! அந்தக் கேள்விக்கு இன்றும் சரியான பதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

பாதி வேலை நின்று போகும்போது

ஒரு பனையேறியின் வீட்டை எண்ணிப் பாருங்கள். அவர் காலையிலும் மாலையிலும் பனை ஏறிப் பாளை சீவிச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அக்கானி இறக்கிக் கொண்டு வருவார். மனைவி அதை வடிகட்டி, விறகும் சருகும் சேர்த்து எரித்து, மணிக்கணக்கில் நின்று காய்ச்சுவார். துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவார். அவர் ஏறாவிட்டால் இவருக்குக் காய்ச்ச ஒன்றும் இல்லை. இவர் காய்ச்சாவிட்டால் அவர் இறக்கியது பொழுது போவதற்குள் கெட்டுவிடும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் ஒரே தொழில் அது. அவர் போய்விட்டால் இவர் கையில் பதம் பார்க்கும் அறிவு அப்படியே இருக்கிறது. கொண்டு வந்து தர ஆள் இல்லை.

பனையேறி வீட்டில் இது கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற வீடுகளில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. எந்தக் குடும்பமும் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் தொழில்தான். ஒருவருக்கு வங்கிக் கணக்கு தெரியும், மற்றவருக்கு எந்த மாத்திரை எந்த நேரம் என்று தெரியும். ஒருவருக்கு விளைக்கு உரம் வைக்கத் தெரியும், மற்றவருக்கு எந்த உறவினர் வீட்டுக்கு என்ன செய்முறை செய்தது என்று நினைவிருக்கும். ஒருவர் போனால் அவரோடு பாதித் தொழிலும் போய்விடுகிறது. துக்கம் ஏதோ பெரிய நினைவாக வருவது குறைவு. ரேஷன் கார்டைக் காணவில்லை என்ற தவிப்பாக வருகிறது. கேஸ் தீர்ந்து போய், எந்த நம்பருக்குப் போன் செய்வது என்று தெரியாத திகைப்பாக வருகிறது.

மனைவியை இழந்த ஆண்கள் பலருக்கு மிளகாய்ப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. அதை விடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. மகளோடும் மருமகளோடும் பேசத் தெரியாது. அத்தனை ஆண்டுகளும் எல்லாப் பேச்சும் மனைவி வழியாகவே போய் வந்தது. அவள் போனதும் பிள்ளைகளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த பாலம் போய்விட்டது. போன் வந்தால், "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் வார்த்தை வராது. கணவனை இழந்த பெண்கள் பலர் அதற்கு முன் வங்கி வாசலை மிதித்தது கிடையாது. யாருக்குக் கடன் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட சிலர் இல்லாத கடனைச் சொல்லி வருவதும் உண்டு.

இங்கேதான் முதலில் எழுந்த கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. போனவர் பார்த்த பாதி வேலையைக் கற்றுக்கொண்டு செய்வது அவரை மறப்பது அல்ல. அவரை நினைப்பதற்கு அதை விடச் சிறந்த வழி இல்லை. மனைவி வைத்த ரசத்தை அறுபது வயதில் முதல் முறையாக வைத்துப் பார்க்கும் ஆண், அவள் அத்தனை ஆண்டு செய்தது எவ்வளவு பெரிய வேலை என்பதை அன்றுதான் அறிகிறார். அவள் இருந்தபோது வராத மரியாதை அன்று வருகிறது. வங்கியில் நடுங்கும் கையோடு கையெழுத்துப் போடும் பெண், கணவர் தனக்குத் தெரியாமல் சுமந்த கவலைகளை அன்றுதான் காண்கிறார். போனவருக்குக் கல்லறை கட்டலாம், படம் மாட்டலாம். ஆனால் அவர் செய்த நல்ல வேலை நின்று போகாமல் பார்த்துக்கொள்வதே அவருக்குச் செய்யும் உண்மையான நன்றி.

இதற்கு அய்யாவின் வரலாறே சாட்சி. கொல்லம் 1008 மாசி 20ஆம் நாள், அதாவது 1833இல், வைகுண்டராக வந்த அய்யா, கொல்லம் 1026 வைகாசி 21ஆம் நாள், அதாவது 1851இல், வைகுண்டம் ஏகினார். கண்ணால் கண்டு, காலடியில் இருந்து, தொட்டு நாமம் சாத்தப்பெற்ற மக்களுக்கு அது எப்படிப்பட்ட பிரிவாக இருந்திருக்கும்! ஆனாலும் பதியில் பணிவிடை நின்று போகவில்லை. விளக்கு ஏற்றப்பட்டது. உகப்படிப்பும் உச்சிப்படிப்பும் நடந்தன. அன்னதர்மம் நடந்தது. ஊர் ஊராகத் தாங்கல்கள் எழுந்தன. அன்று அந்த மக்கள், அய்யா இல்லாத இடத்தில் எதற்குப் பணிவிடை என்று உட்கார்ந்திருந்தால் இன்று இந்த வழியே இருந்திருக்காது. ஒருவரை ஒருவர் காணும்போது சொல்லும் "அய்யா உண்டு" என்ற சொல் கண்ணுக்கு முன்னால் நிற்பவரைப் பற்றிய சொல் அல்ல. கண்ணுக்குத் தெரியாதபோதும் உண்டு என்று அறிந்து, அந்த அறிவின்படி அன்றைய வேலையைச் செய்கிறவர்களின் சொல் அது. பிரிவுக்குப் பின் எப்படி வாழ்வது என்பதை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகி வந்தவர்கள் அன்புக்கொடி மக்கள்.

நாமம் அழிவதில்லை

கணவன் இறந்ததும் பெண்ணின் பொட்டை அழித்து, வளையலை உடைத்து, தாலியை அறுத்து, மூளி என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கல்யாண வீட்டில் அவர் முன்னால் வரக் கூடாது. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வரக் கூடாது. பெற்ற மகளின் கல்யாணத்தில் ஓரத்தில் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அய்யாவழியில் இதற்கு இடம் உண்டா? தாங்கலின் பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. அதன் முன் விளக்குகள் எரிகின்றன. அங்கே வந்து நிற்பவர் காண்பது நாமம் இட்ட தன் முகத்தையே. இறைவன் உனக்குள் இருக்கிறான் என்பதை ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தக் கண்ணாடி சொல்கிறது. கணவனை இழந்த பெண் வந்து நின்றாலும் அதே கண்ணாடிதான், அதே விளக்குதான். அவர் முகத்தை மட்டும் அது காட்டாமல் விடுவதில்லை. இறைவன் இருக்கும் அந்த முகம் எப்படி அமங்கலம் ஆகும்?

நாமம் புருவ நடுவிலிருந்து மேலே எழும் தீபச்சுடரின் வடிவம். அது ஆன்ம ஒளியின் அடையாளம். கணவன் கொடுத்ததும் அல்ல, கணவனோடு போவதும் அல்ல. குங்குமத்தை அழிக்கும் கைக்கு நாமத்தை அழிக்க அதிகாரம் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும், கல்யாணம் ஆனவருக்கும் ஆகாதவருக்கும், துணை உள்ளவருக்கும் இழந்தவருக்கும் ஒரே நாமம்தான்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அய்யா வாழ்ந்த காலத்தில் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை போட உரிமை இல்லை. 1859இல்தான் நாடார் பெண்கள் மேல்உடம்பை மறைத்து உடுத்த அரசு உத்தரவு கிடைத்தது. அதுவும் எத்தனையோ அடிக்கும் அவமானத்துக்கும் பிறகு. தலைப்பாகை கட்ட உரிமை இல்லாத ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே வந்து வணங்கச் சொன்னார் அய்யா. இன்னார் இன்னதைத்தான் உடுத்த வேண்டும், இன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று பிறர் விதித்த கொடுமையைப் பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் வீட்டு விதவை இன்ன நிறப் புடவைதான் உடுத்த வேண்டும், இன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று விதிப்பது நியாயமா? அப்படி விதித்தால் நீசன் ஊருக்கு வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்றுதான் பொருள்.

திருக்கல்யாண ஏடு வாசிக்கும் நாளில் மக்கள் கல்யாண வீட்டுக்குப் போவது போலச் சுருள் வைத்து வணங்குகிறார்கள். கணவனை இழந்த பெண் கொண்டு வரும் சுருளையும் முன்வரிசையில் வாங்கி வைக்க வேண்டும். பிரிந்தவர் கூடியதைக் கொண்டாடும் நாளில் பிரிவைச் சுமக்கிறவருக்கு இடம் இல்லை என்றால் அந்தக் கொண்டாட்டத்துக்கு என்ன அர்த்தம்?

கலி நுழையும் வாசல்கள்

துக்கம் உள்ள வீட்டில் கலிமாயை எளிதாக நுழையும். நுழையும் வாசல்கள் சிலவற்றை அறிந்து வைப்பது நல்லது.

முதல் வாசல் குடி. மனைவியை இழந்த ஆண்களிடம் இதை அதிகம் காணலாம். தூக்கம் வருவதற்காக என்று தொடங்கும். விடிந்தால் துக்கம் அப்படியே இருக்கும், பணமும் உடம்பும் மட்டும் குறைந்திருக்கும்.

இரண்டாவது வாசல் குறி கேட்பதும் மந்திரவாதமும். "போனவர் ஆவி அடங்கவில்லை, வீட்டைச் சுற்றுகிறது, இன்ன பரிகாரம் செய்ய வேண்டும்" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். போனவர் குரலை ஒருமுறை கேட்க மாட்டோமா என்று ஏங்கும் மனம் அதற்கு விலை கொடுக்கவும் தயாராக இருக்கும். அய்யா காணிக்கையையும் பலியையும் விலக்கினார். பேய்க்குப் பயந்து வாழ்ந்த மக்களை அந்தப் பயத்திலிருந்து விடுவித்தார். மண்ணும் தண்ணீரும் கொண்டு நோய் தீர்த்து, கூலி வாங்காமல் அனுப்பினார். போனவரைச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அது அய்யாவழி அல்ல. ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்கிப் பெரிய விருந்து வைப்பதும் இந்த வகையில்தான் சேரும்.

மூன்றாவது வாசல் தன்னையே குற்றம் சாட்டுவது. ஒருநாள் முன்னதாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால், அன்று காலையில் சண்டை போடாமல் இருந்திருந்தால், என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். எந்தக் கணக்கும் முடியாது. சொல்லாமல் விட்ட அன்பான வார்த்தை ஏதாவது இருந்தால் அதை உயிரோடு இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கடனை அடைக்க அதுதான் வழி. வாரக்கணக்கில் தூக்கமும் உணவும் இல்லாமல், வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அதை மறைக்கக் கூடாது. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது போலத்தான் இதுவும்.

நான்காவது வாசல் சொத்து. மண் காய்வதற்குள் பத்திரத்தோடு வரும் பிள்ளைகள் உண்டு. தாயைத் தனியாக விடக் கூடாது என்ற பெயரில் அவர் வீட்டைப் பூட்டி, மாதம் ஒரு மகன் வீடு என்று மாற்றி மாற்றி அனுப்புவதும் உண்டு. கணவனை இழந்தவர், தன் அடுக்களையையும் தன் விளக்கையும் சேர்த்து இழக்கிறார். உடம்புக்கு முடிந்தால் ஒரு வருடமாவது அவர் தன் வீட்டில் இருக்கட்டும். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துக் கேட்காமல் இருப்பது பிள்ளைகள் தாய்க்குச் செய்யும் தர்மம். தனித்த தகப்பனுக்கும் இது பொருந்தும்.

தாங்கல் செய்ய வேண்டியது

துக்கம் நடந்த முதல் பதினைந்து நாளும் வீடு நிறைய ஆள் இருக்கும். சாப்பாடு தேவைக்கு மேல் வரும். மூன்றாவது மாதம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். உண்மையான தனிமை தொடங்குவது அப்போதுதான். தாங்கலின் பணியும் அப்போதுதான் தொடங்க வேண்டும்.

"மனசு சரியானதும் தாங்கலுக்கு வாங்க" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். மனம் தானாகச் சரியாவதில்லை. "மைனி, ஞாயிற்றுக்கிழமை அன்னதர்மத்துக்குக் காய் வெட்ட ஆள் இல்லை, நீங்கதான் வரணும்" என்று கேட்டால் வருவார்கள். தான் ஒருவருக்குத் தேவைப்படுகிறோம் என்பதே துணையை இழந்தவருக்கு மருந்து. விளக்குத் துலக்குவது, முற்றம் பெருக்குவது, பிள்ளைகளுக்கு ஏடு வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஏற்ற பணி தாங்கலில் உண்டு. சமைக்கத் தெரியாத ஆணை அன்னதர்ம அடுப்புப் பக்கம் நிறுத்தினால் பத்து வாரத்தில் தனக்குச் சோறு பொங்கிக்கொள்ளக் கற்றுவிடுவார். ஒருவருக்குச் சமைக்க மனம் வராத பெண் நூறு பேருக்குச் சமைக்கும்போது தானும் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

போனவர் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். வருத்தப்படுவார்களே என்று பலர் அந்தப் பெயரைத் தவிர்க்கிறார்கள். அந்த வீட்டிலோ அந்தப் பெயரைக் கேட்கத்தான் ஏக்கம். "அண்ணாச்சி இருந்தா இந்தப் பந்தலை நேரத்துக்குப் போட்டிருப்பாரு" என்ற ஒரு வார்த்தை போதும், அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

அலுவலக வேலைகளுக்குத் துணையாகப் போக விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆதரவற்ற விதவைகளுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதி இருந்தும் கேட்கத் தெரியாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, கூடப் போய், வரிசையில் நிற்பதும் பணிவிடைதான். பள்ளியறையில் செய்யும் பணிவிடைக்கு அது ஒரு படி கூடக் குறைந்தது அல்ல.

சிறு வயதிலேயே துணையை இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால் அதைப் பழிக்க யாருக்கும் உரிமை இல்லை. வேண்டாம் என்று இருந்தால் அதை வற்புறுத்தவும் உரிமை இல்லை. ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்பதும் கூடாது. மனைவி இறந்து ஆறு மாதத்தில் ஆணுக்குப் பெண் தேடும் ஊர், கணவன் இறந்து ஆறு வருடமான பெண் பூ வைத்தால் முணுமுணுக்கிறது. அந்த முணுமுணுப்பு தாங்கல் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்.

முடிவாக, பசித்தால் சாப்பிடலாமா என்றால், சாப்பிட வேண்டும். சிரிக்கலாமா என்றால், சிரிப்பு வரும் நாளில் தாராளமாகச் சிரிக்கலாம். அழலாமா என்றால், பத்து வருடம் கழித்து அழுகை வந்தாலும் அழலாம். நல்ல துணி உடுத்தி, நாமம் இட்டு, தலை நிமிர்ந்து தாங்கலுக்கு வரலாம். போனவர் வடக்கு நோக்கி அமர்ந்து தர்மயுகத்துக்காகக் காத்திருக்கிறார். இருப்பவரும் அதே யுகத்துக்காகத்தான் காத்திருக்கிறார். அவர் காத்திருப்பது அமர்ந்தபடி. இவர் காத்திருப்பது நடந்தபடி, பெருக்கியபடி, பொங்கியபடி, நாலு பேருக்குப் பரிமாறியபடி.

இன்று சாயங்காலம் துணையின்றித் தனியாக விளக்கேற்றும் ஒவ்வொரு கைக்கும் அய்யா துணை இருப்பார். அந்தக் கைக்குத் துணையாகப் போய் நிற்பது அன்புக்கொடி மக்களின் கடமை.

அய்யா உண்டு.